நிலுவையில் ஒரு கன்னம்

எங்கள் சமாதானப் பிரபு ஆலயத்தில் நான்கு வருடமாகப் போலீஸ் பாதுகாப்போடுதான் ஆராதனை நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் வாசலில் நிற்கும் வேனைப் பார்த்துவிட்டு, யாரோ மந்திரி ஜெபிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். மந்திரி யாரும் இல்லை. உள்ளே இருப்பது நாங்கள்தான். எங்களிடமிருந்து எங்களைக் காப்பாற்றத்தான் அந்த வேன் நிற்கிறது.

சபையில் இரண்டு கமிட்டிகள். பழைய கமிட்டி தேர்தலில் தோற்றுவிட்டது என்று புதிய கமிட்டி சொல்கிறது. அப்படி ஒரு தேர்தலே நடக்கவில்லை என்று பழைய கமிட்டி சொல்கிறது. கோலார் கோர்ட்டில் ஆளுக்கொரு தடையுத்தரவு வாங்கி பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சண்டை எதற்கு என்று கேட்டால் கொள்கைக்கு என்பார்கள். ராபர்ட்சன்பேட்டையில் சபைக்குச் சொந்தமாக வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைகளுக்கும் இந்தக் கொள்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இரண்டு தரப்பும், யாரும் கேட்காதபோதே, சொல்லிக்கொண்டிருக்கும்.

முதல் வருடம் கலவரம் ஆனபோது சப்-இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். பீடத்திலிருந்து வாசல்வரை நடைபாதையின் நடுவில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடச் சொன்னார். வலது பக்கம் பழைய கமிட்டி, இடது பக்கம் புதிய கமிட்டி. பாடகர் குழுவும் பிரிந்தது. பெண் குரல்கள் பெரும்பாலும் வலது பக்கம் போய்விட்டன. இடது பக்கம் கட்டைக் குரல்களும் ஆஷ்லி என்ற ஒரே ஒரு பெண்ணும்தான் மிஞ்சினார்கள்.

பெரிய சிக்கல் சமாதானம் கொடுப்பதில் வந்தது. எங்கள் வழிபாட்டில் அது ஒரு வழக்கம். பாஸ்டர் பீடத்தில் நின்று முதல் வரிசைக்காரரின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்து சமாதானம் சொல்வார். அவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே கை மாறிக் கை மாறிக் கடைசி பெஞ்சுவரை போகும். முதலில் எந்தப் பக்கத்துக்குக் கொடுப்பது என்பதில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதற்கும் சப்-இன்ஸ்பெக்டர்தான் வழி சொன்னார். தங்கச் சுரங்கம் மூடிப்போனாலும் ஊருக்கு ஷிஃப்ட் புரியும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வாரம் வலது பக்கம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், அடுத்த வாரம் இடது பக்கம். சமாதானம் எந்தக் காரணத்தைக் கொண்டும் கோட்டைத் தாண்டக் கூடாது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

யேசுதாஸ் இதில் எந்தக் கமிட்டியிலும் இல்லாதவர். மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆஷ்லி இவருடைய ஒரே மகள். இவர் இடது பக்கம் உட்காருவது ஃபேனுக்காக. வலது பக்கத்து ஃபேன்கள் ஓடாது. ஃபேனுக்காக ஒருவர் கட்சி சேருவார் என்பதைப் பழைய கமிட்டி நம்பவில்லை, ஃபேனுக்காக மட்டும்தான் சேர்ந்திருக்கிறார் என்பதைப் புதிய கமிட்டியும் நம்பவில்லை.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மறு கன்னத்தைக் காட்டுவது பற்றிப் பிரசங்கித்தார். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பேசினார். அறைகிறவனைத் தோற்கடிக்க வேறு ஆயுதமே தேவையில்லை என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். வலது பக்கம் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அதைப் பார்த்த இடது பக்கம் அவர்களைவிடச் சத்தமாக மூக்கை உறிஞ்சியது.

அப்புறம் சமாதானம் கிளம்பியது. யேசுதாஸ் கைக்கு அது வந்து சேர்ந்தபோது அவருக்குப் பின்னால் பெஞ்சில் ஆள் இல்லை. வாங்கிய சமாதானத்தை என்ன செய்வதென்று மனிதர் திண்டாடினார். கீழே வைக்க முடியாது. வீட்டுக்கு எடுத்துப் போகிற வழக்கமும் கிடையாது. கோட்டுக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், பழைய கமிட்டிச் செயலாளர் ஆர்தர் நின்றிருந்தார். பிரசங்கம் வேறு அப்போதுதான் முடிந்திருந்தது. யேசுதாஸ் இரண்டு கைகளையும் நீட்டி, "சமாதானம் சார்" என்றார்.

ஆர்தர் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர்த்தரப்பின் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது, வாங்கினால் அவர்களை அங்கீகரித்ததாகிக் கேஸ் போய்விடும் என்று அவருடைய வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடை, கொள்கை, வழக்கு எல்லாம் அந்த இரண்டு கைகளில் வந்து நிற்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ரத்தம் தலைக்கேறி ஓங்கி ஓர் அறை விட்டார். ஆர்மோனியம் நின்றது.

 யேசுதாஸ் முகத்தைத் திருப்பி மறு கன்னத்தைக் காட்டினார். முகத்தில் வீரம் இல்லை, நக்கலும் இல்லை. கண்டக்டர் கேட்டதும் டிக்கெட்டை எடுத்துக் காட்டுகிறவர் மாதிரி நின்றார்.

ஆர்தரின் கை மறுபடி மேலே போனது. அங்கேயே நின்றது. இறங்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. வாசலில் ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். அவரைப் பார்த்துக் கோயிலே சிரித்தது. வலது பக்கத்திலும் சிரித்தார்கள் என்பதுதான் ஆர்தரால் தாங்க முடியாமல் போனது.

அந்தக் கூச்சலில் அன்று வாசிக்க வேண்டிய கல்யாண ஓலை வாசிக்கப்படவில்லை. அது ஆஷ்லியின் ஓலை. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை உண்டென்றால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். ஆஷ்லிக்கு பங்காருபேட்டை ரயில்வே குடும்பத்துப் பையன் அனிலோடு நிச்சயம் ஆகியிருந்தது. ஒரு ஓலை முந்தின வாரமே வாசித்தாயிற்று. இரண்டு பாக்கி. கல்யாணத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமும் வாசிக்கவில்லை. யேசுதாஸ் போய்க் கேட்டபோது, சம்பவம் விசாரணையில் இருப்பதால் அவர் குடும்பம் சம்பந்தப்பட்ட எல்லாக் காரியங்களும் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஓலை பாதியில் நின்றால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண்ணிடம் ஏதோ இருக்கிறது. பையனின் அம்மா பங்காருபேட்டையிலிருந்து போன் செய்து, மிகவும் மரியாதையாக, பெண்ணுக்கு இதற்கு முன் எங்காவது பேசி வைத்திருந்தீர்களா என்று கேட்டார். யேசுதாஸ் போனை வைத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அறை வாங்கியபோது வலித்ததைவிட இது வலித்தது என்று மனைவி டெய்சியிடம் சொன்னார்.

பாஸ்டரிடம் போனார்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் பாஸ்டர்? நீங்க சொன்னததானே செஞ்சேன்."

பாஸ்டர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யேசுதாஸு, எத்தினியோ வருஷமா அந்தப் பிரசங்கத்த பண்ணிகினு கீறேன். ஒருத்தராச்சும் எழுந்து செஞ்சாங்களா? கேட்டாங்க, அழுதாங்க, வூட்டுக்குப் போயி பிரியாணி துன்னாங்க. அதான் முறை. இப்ப பாரு, உன்னால அடுத்த வாரம் நான் இன்னாத்த பேசறதுன்னே தெரியல."

அடுத்த வாரம் அவர் நோவாவின் பேழையின் நீள அகலங்களைப் பற்றிப் பிரசங்கித்தார். அதில் யாரும் செய்து பார்க்க ஒன்றுமில்லை.

புதிய கமிட்டித் தலைவர் ஜெயசீலனுக்கு யேசுதாஸ் திடீரென்று தங்கமாகத் தெரிந்தார். சாம்பியன் ரீஃப் சந்திப்பில் ஒரு ஃபிளெக்ஸ் முளைத்தது. சுரங்கக் கழிவு மலைபோலக் குவிந்த சயனைடு மேட்டை மறைக்கிற உயரத்தில் யேசுதாஸின் முகம். ஒரு கன்னத்தில் கம்ப்யூட்டரில் சிவப்பு ஏற்றியிருந்தார்கள். மேலே 'அறை வாங்கிய அன்பரே' என்ற வாசகமும், கீழே அவரைவிடப் பெரிதாக ஜெயசீலன் கைகூப்பும் படமும். யேசுதாஸ் மேல் மரியாதையில்தான் செய்ததாகவும், பதிலுக்கு ஸ்டேஷனில் ஒரு புகார் மட்டும் கொடுத்தால் போதும் என்றும் ஜெயசீலன் சொன்னார். யேசுதாஸ் தயங்கினார். அடித்தவரை மன்னிக்க வேண்டும், பகைவரையே நேசிக்க வேண்டும் என்றுதானே சொல்லியிருக்கிறது என்றார்.

"பகைவன நேசிக்கணும், கரெக்ட்டு. அத நான் மறுக்கல" என்றார் ஜெயசீலன். "ஆனா ஆர்தர் பகைவன் கிடையாதே. நம்ம சபை மெம்பரு. சபை மெம்பர நேசிக்கணும்னு எங்க போட்டுகீது?"

 யேசுதாஸ் புகார் மட்டும் கொடுக்காமல் வந்துவிட்டார். ஃபிளெக்ஸில் அவர் முகத்தின் மேல் மறுநாளே ஒரு பிறந்தநாள் வாழ்த்தை ஒட்டினார்கள்.

விசாரணைக் குழுவுக்குத் தலைவராக ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவரைக் கோலாரிலிருந்து அழைத்து வந்தார்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவானவர். இரண்டு தரப்பின் வழக்குகளையும் வெவ்வேறு சமயத்தில் நடத்தித் தோற்றவர். அவர் யேசுதாஸை நிற்க வைத்து, சம்பவத்தை நடித்துக் காட்டச் சொன்னார். நீண்ட நேரம் பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, எந்தக் கன்னத்தில் அறை விழுந்தது என்று கேட்டார்.

இடது கன்னம் என்றார் யேசுதாஸ். ஆர்தர் வலது கைக்காரர், எதிரே நின்று அறைந்தால் அங்கேதான் விழும்.

வக்கீல் முகம் மலர்ந்தது. மத்தேயு சுவிசேஷத்தில் வலது கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறது. முதல் அறை இடது கன்னத்தில் விழுந்திருந்தால் அதற்கு வேதத்தில் வழிவகை இல்லை. ஆகவே யேசுதாஸ் வேதப்படி நடக்கவில்லை, தன் இஷ்டப்படி நடந்திருக்கிறார் என்றார். லூக்காவில் வெறுமனே கன்னம் என்றுதானே இருக்கிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"லூக்கா டாக்டர்" என்றார் வக்கீல். "அவருக்கு எந்தக் கன்னமா இருந்தா என்ன? மத்தேயு வரி வசூல் அதிகாரி. டிபார்ட்மென்ட் ஆளு எழுதினதுதான் செல்லும்."

ஆனாலும் காட்டியது காட்டியதுதான் என்று தீர்ப்பில் சொன்னார். காட்டப்பட்ட கன்னம் திரும்பப் பெறப்படவும் இல்லை, அறையப்படவும் இல்லை. எனவே அது நிலுவையில் உள்ளது. நிலுவை தீரும்வரை ஓலை வாசிக்க முடியாது.

யேசுதாஸ் கன்னத்தை வாபஸ் வாங்கிக்கொள்வதாக உடனே சொன்னார். அதற்கு யாரும் விடவில்லை. வாபஸ் வாங்கினால் தங்கள் பக்கம் தவறு என்றாகிவிடும் என்றது புதிய கமிட்டி. வாபஸ் வாங்கிவிட்டால் ஆர்தரைச் சாகும்வரை ஒரு கன்னத்தோடு நின்றுபோனவர் என்றே பேசுவார்கள் என்றது பழைய கமிட்டி. கன்னத்தை வாபஸ் வாங்கினால் வேதத்தையே வாபஸ் வாங்கியது போல ஆகும் என்று பாஸ்டர் வருத்தப்பட்டார்.

கடைசியில் பிஷப் வந்தார். முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு வேன். சபையைக் கூட்டிப் பேசினார். சமாதானம் என்பது சும்மா வருவதில்லை, அதற்குப் போதுமான போலீஸ் வேண்டும் என்று ஆரம்பித்தார். மறு கன்னத்தைக் காட்டுவது மிக உயர்ந்த ஆவிக்குரிய அனுபவம் என்றார்.

"ஆனால் அன்பானவர்களே, உயர்ந்ததை எல்லோரும் எடுத்துப் புழங்க ஆரம்பித்தால் அதற்கு என்ன மதிப்பு? கோயில் வெள்ளிப் பாத்திரத்தில் நாம் வீட்டில் ரசம் வைக்கிறோமா? சுவிசேஷத்தைக் காப்பாற்ற வேண்டியது நம் கடமை. முதலில் அதை நடைமுறையிலிருந்து காப்பாற்ற வேண்டும்."

இரண்டு பக்கமும் கை தட்டியது.

பிஷப்பின் சமரசம் எளிமையானது. வரும் ஞாயிறு ஆராதனையில் ஆர்தர் நிலுவையில் உள்ள அறையைக் கொடுப்பார். யேசுதாஸ் வாங்கிக்கொள்வார். கணக்கு தீரும். அதே மேடையில், பிஷப்பின் விசேஷ அனுமதியோடு, ஆஷ்லியின் பாக்கி இரண்டு ஓலைகளும் சேர்த்து வாசிக்கப்படும். அறையின் பலம் பற்றி இரண்டு கமிட்டிகளும் மூன்று தடவை கூடிப் பேசி, மிதமான அறை என்று முடிவுக்கு வந்தன. சத்தம் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்பது பழைய கமிட்டியின் நிபந்தனை. விரல் தடம் பதியக் கூடாது என்பது புதிய கமிட்டியின் நிபந்தனை. ரத்தம் வராதவரை தனக்கு வேலையில்லை என்று சப்-இன்ஸ்பெக்டர் ஒதுங்கிக்கொண்டார்.

வீட்டில் டெய்சி, "ஒரு அறைதானே, வாங்கிகினு வாங்க. பொண்ணு கல்யாணம் நடக்கட்டும்" என்றாள். ஆஷ்லி கொதித்தாள். பெங்களூரில் வேலை, தினமும் விடிகாலை ரயிலுக்கு ஓடுகிறவள், அவளுக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. ரிஜிஸ்டர் ஆபீஸில் செய்துகொள்ளலாம் என்றாள்.

"வேணாம்மா" என்றார் யேசுதாஸ். "கல்யாணத்தன்னைக்கி அந்த கோயில் நடையில உன் கைய புடிச்சிகினு ஒருவாட்டி நடக்கணும். அவ்ளோதான் எனக்கு. வேற ஒண்ணும் கேக்கல."



அந்த ஞாயிறு போலக் கோயில் கிறிஸ்துமஸுக்குக்கூட நிறைந்ததில்லை. பூதிகோட்டையிலிருந்து கூட ஆட்டோ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பீடத்துக்கு முன், கோட்டின் இரண்டு பக்கமும், யேசுதாஸும் ஆர்தரும் நின்றார்கள். ஆர்தர் கோட்டும் டையும் போட்டு வந்திருந்தார். யேசுதாஸ் அன்று அழகாகச் சவரம் செய்திருந்தார், அறைகிறவருக்குக் குத்தக் கூடாதென்று. பிஷப் ஜெபித்தார். பிறகு தலையை அசைத்தார்.

யேசுதாஸ் கண்ணை மூடிக் கன்னத்தைத் திருப்பினார். ஆர்தர் கையை ஓங்கினார்.

அறை விழவில்லை.

யேசுதாஸ் கண்ணைத் திறந்து பார்த்தார். ஆர்தரின் கை மேலேயே நின்றிருந்தது.

"அடிங்க சார்" என்றார் யேசுதாஸ், மெதுவாக. "பொண்ணு ஓலை நிக்குது."

"அன்னைக்கி கோவத்துல அடிச்சிட்டேன் யேசுதாஸு" என்றார் ஆர்தர். "கோவம் இல்லாம எப்படிய்யா அடிக்கிறது?"

முன் வரிசைக்கு அது கேட்டது. வலது பக்கத்திலிருந்து ஒருவர், அடிங்க செயலாளரே, கேஸ் போய்டும் என்றார். இடது பக்கத்திலிருந்து, ஒப்பந்தம்னா ஒப்பந்தம், அடிக்கச் சொல்லுங்க என்று ஜெயசீலன் எழுந்தார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அடி, அடி என்று கோயில் முழுக்கக் கேட்டது. பெண் குரல்களும் கட்டைக் குரல்களும் நான்கு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் ஒரே சுருதியில் சேர்ந்தன. பிஷப்புக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்த பாஸ்டரிடம், "பாருங்கள், சபை ஒன்றாகிவிட்டது" என்றார்.

ஆர்தர் கையை இறக்கி, கோட்டுப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது. போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நிலுவை தீரவில்லை, ஆகவே ஓலையை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம் என்று வக்கீல் எழுந்து சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் ஆஷ்லி பாடகர் வரிசையிலிருந்து இறங்கி வந்தாள். பாஸ்டர் கையிலிருந்த ஓலையை வாங்கினாள். அவர் தடுக்கவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் நீட்டவே செய்தார். மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு அவளே வாசித்தாள். பெண் தன் ஓலையைத் தானே வாசிப்பதை எங்கள் சபை அதற்கு முன் பார்த்ததில்லை.

"பங்காருபேட்டை சபையைச் சேர்ந்த அனிலுக்கும், இந்த சபை யேசுதாஸ் டெய்சி மகள் ஆஷ்லிக்கும் கல்யாணம். இது ரெண்டாவது ஓலை. இதுவே மூணாவது ஓலை." ஓலையிலிருந்து கண்ணை எடுத்துச் சபையைப் பார்த்தாள். "யாருக்காவது தடை இருந்தா எழுந்து வாங்க. எங்க டாடி அங்கதான் கன்னத்த காமிச்சிகினு நிக்கிறாரு. வந்து அதுல ஒண்ணு அடிச்சிட்டு, அப்பால தடைய சொல்லுங்க."

எழுந்து நின்று அடி அடி என்று கத்தியவர்கள் பக்கத்தில் இருப்பவர் போவாரா என்று பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். ஜெயசீலன் தன் செருப்பைப் பார்த்தார். வக்கீல் உட்கார்ந்தார். அப்புறம் இரண்டு பக்கமும் ஒவ்வொருவராக, சத்தமில்லாமல், உட்கார்ந்தார்கள். எனக்கும் உட்காருவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஆஷ்லி ரொம்ப நேரம் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. ஓலையை மடித்துப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

யேசுதாஸ் இன்னும் அப்படியே, கன்னத்தைத் திருப்பியபடி, நின்றுகொண்டிருந்தார். யாராவது வருவார்கள் என்றுதான் நினைத்தார் போலிருக்கிறது. ஆஷ்லி அவர் தாடையைப் பிடித்து முகத்தை நேராகத் திருப்பினாள்.

"முடிஞ்சிபோச்சி டாடி" என்றாள். "வாங்க, நடக்கலாம்."